இழுத்தால் கிழிவது எது? கிட் காரின் பெல்ட் பிடிமானங்களைப் பலப்படுத்திய பதிவு

நாங்கள் வீட்டில் கட்டிய கார் பந்தயத் தடத்தின் தொழில்நுட்பச் சோதனையில் தேறிவிட்டது. முதல் தடவை ஆறு முனை ஹார்னஸ் பெல்ட்டின் (தோளிலும் இடுப்பிலும் தொடை நடுவிலும் ஆளைப் பிடிக்கும் பந்தயப் பெல்ட்) பிடிமானங்களைப் பார்த்ததும் வண்டியைத் தடத்துக்குள் விட மறுத்த ஆய்வாளரே இம்முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நடுவில் எதை வெட்டினோம், எதைச் சேர்த்தோம், எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன். இதே வகைச் சட்டகத்தில் கார் கட்டுகிறவர்களுக்கு இந்த அளவுகள் உதவும்.

வண்டி லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் அமைந்த திறந்த இருவர் கார். சட்டகம் 25 மி.மீ. சதுரக் குழாய், 16 கேஜ், அதாவது சுவர்க் கனம் 1.6 மி.மீ. எஞ்சினும் கியர்பாக்ஸும் பழைய மாருதி ஜிப்ஸியுடையவை. வீட்டில் கட்டிய வண்டிக்கு நம் நாட்டில் சாலைப் பதிவு வாங்க முடியாது. ஆகவே காரைக்குடியிலிருந்து சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மூடிய பந்தயத் தடத்தில் மட்டுமே ஓட்டுகிறோம். ஓட்டப்போகிறவள் என் மகள். இந்த வேலையில் நான் காட்டிய பிடிவாதத்துக்கு அதுதான் காரணம்.

ஆய்வாளர் சொன்ன குறைகள் மூன்று. தோள் பட்டைகள் இருக்கைக்குப் பின்னால் தரையோரம் கட்டப்பட்டிருந்தன. அந்தச் சாய்வு மிக அதிகம். இடுப்புப் பட்டையின் காதுகள், அதாவது பட்டையை மாட்டும் துளையிட்ட தகடுகள், குழாயின் நடுவில், ஒரே ஒரு முகத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தன. தொடைகளுக்கு நடுவே வரும் பட்டைகள் 1.2 மி.மீ. அலுமினியத் தரைத் தகட்டில் பெரிய வாஷர் வைத்து முடுக்கப்பட்டிருந்தன. மூன்றும் நியாயமான குறைகள்.

அவர் கையில் இருந்த அளவுகோல் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் ஜே பிற்சேர்க்கை, 253ஆவது விதி. அதில் எங்களுக்குத் தேவைப்பட்டவை சில எண்கள்தாம். தோளுக்கும் இடுப்புக்குமான ஒவ்வொரு பிடியும் 1,470 டெக்காநியூட்டன் தாங்க வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 1,500 கிலோ இழுவை. தொடைப் பட்டைக்கு 720, அதாவது சுமார் 735 கிலோ. புதிதாகப் போடும் ஒவ்வொரு பிடிக்கும் குறைந்தது 3 மி.மீ. கனமும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகடு வலுவூட்டலாக இருக்க வேண்டும். தோள் பட்டை இருக்கை முதுகின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கீழே போகும் சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 10 டிகிரி இருந்தால் நல்லது. பட்டை செங்குத்தாகக் கீழே இழுத்தால் மோதலின்போது தோளைப் பிடிப்பதற்குப் பதிலாக முதுகெலும்பை அமுக்கிவிடும். எங்கள் பழைய அமைப்பில் 300 மி.மீ. தூரத்துக்கு 410 மி.மீ. இறக்கம் இருந்தது. அது 54 டிகிரி.

பட்டறை எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. வளவுப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை; அங்கே கிரைண்டரின் தீப்பொறி விழக் கூடாது என்பது வீட்டில் மாறாத சட்டம். பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்கு நேர் பின்னால் இருந்ததால் முதல் வேலையாக அதைக் கழற்றி வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். பேட்டரி இணைப்பை எடுத்தோம். தரைத் தகட்டின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, இருக்கைகளையும் இறக்கிய பிறகுதான் சட்டகம் முழுதாகத் தெரிந்தது.

வெல்டிங் வேலைக்குக் கோட்டையூர்த் தம்பி ஒருவர் வந்தார். மில் கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் செய்து கை பழகியவர். பழைய காதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதையே சுற்றி இன்னொரு வரிசை கனமாகப் பற்றவைத்துவிட்டால் யானை இழுத்தாலும் வராது” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் கையில் ஆதாரம் இல்லை. இழுத்தே பார்த்துவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். இந்த வேலை முழுவதிலும் பயன் அதிகம் தந்தது அந்தச் சோதனைதான்.

மீந்துபோன 25 மி.மீ. குழாயில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் பழைய முறைப்படியே 5 மி.மீ. தகட்டுக் காது ஒன்றைப் பற்றவைத்தோம். தம்பி சொன்னபடி கூடுதல் வரிசையும் போட்டோம். புதுவயலில் தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில் மூன்று டன் செயின் பிளாக்கும் ஐந்து டன் தொங்குதராசும் இருந்தன. தராசு சரியாகக் காட்டுகிறதா என்று ஆலையின் 50 கிலோ இரும்பு எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம். துண்டின் இரு முனைகளையும் 300 மி.மீ. இடைவெளியில் கீழே இரும்பு உத்திரத்தில் கட்டி, காதைக் கொக்கியில் மாட்டினோம். சங்கிலி அறுந்து விசிறினால் ஆபத்து என்பதால் அதன்மேல் நனைத்த சாக்குகளைப் போர்த்தினோம். ஆட்கள் எல்லோரும் ஓரமாக நின்றார்கள்.

தராசு 300 கிலோ காட்டும் வரை ஒன்றும் நடக்கவில்லை. 400ஐத் தாண்டியதும் குழாய் லேசாக வளையத் தொடங்கியது. 500ஐ எட்டியபோது காதைச் சுற்றியிருந்த முகம் மட்டும் குழிப்பணியாரம் போல மேலே உப்பியது. சங்கிலியை மேலும் இழுத்தால் தராசின் எண் மெதுவாகத்தான் ஏறியது, உப்பல் வேகமாக வளர்ந்தது. 900 கிலோவை நெருங்கும்போது ஒரு சிறு ‘டிக்’ சத்தம். குழாயின் சுவர் வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி நேர்க்கோடாகக் கிழிந்து, காது தன்னோடு ஒரு செவ்வகத் துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. வெல்டிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. தம்பி அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெல்டிங் நின்றுவிட்டது ஐயா, குழாய்தான் நிற்கவில்லை” என்றார். அந்தத் துண்டு இப்போது அவருடைய பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

அங்கிருந்துதான் புது வடிவம் பிறந்தது. மெல்லிய சுவரின் நடுவில் இழுவை விழவே கூடாது. குழாயின் பக்கச் சுவர்களுக்கும், குழாய்கள் கூடும் மூலைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால், தரை மட்டத்தில், இடப்புறக் கீழ்க்குழாயிலிருந்து வலப்புறம் வரை 40க்கு 40, 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்கே போட்டோம். அதன் இரு முனைகளும் நிமிர்குழாய் வந்து சேரும் மூலையிலேயே முடிகின்றன. மூலையில் கீழ்க்குழாயையும் நிமிர்குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் 3 மி.மீ. தகடு, அளவு 60க்கு 70. பரப்பு 42 சதுர செ.மீ. ஆகிறது, விதி கேட்பதற்குச் சற்று மேல்.

காதுகளை 5 மி.மீ. தகட்டில் ‘ப’ வடிவில் வெட்டினோம். 80 மி.மீ. அகலத் தகட்டின் நடுவே 40 மி.மீ. வாய், இரு பக்கமும் 20 மி.மீ. கால்கள். அது குழாயின்மேல் ஏறி உட்கார்ந்து மேல் முகம், முன் முகம், பின் முகம் மூன்றையும் கவ்விக்கொள்கிறது. தலைப்பகுதி இடுப்புப் பட்டை இழுக்கும் திசையிலேயே முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அதற்கு மகளை இருக்கையில் உட்காரவைத்து, பட்டை இடுப்பெலும்பும் தொடையும் சந்திக்கும் மடிப்பில் படியும்படி கட்டி, நூல் பிடித்துப் பார்த்தோம். அவளுக்கு 55 டிகிரி வந்தது. பட்டை வயிற்றின்மேல் ஏறினால் மோதலில் உள்ளுறுப்புகள் நசுங்கும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. வடிவத்தை முதலில் நாட்காட்டி அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, சரியான பிறகே தகட்டில் குறித்தோம். துளையின் நடுவிலிருந்து விளிம்புக்கு எந்தப் பக்கமும் 20 மி.மீ. குறையவில்லை.

ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு காதுகள். நடுவில் ஹார்னஸின் தகட்டு முனை, குறுக்கே போல்ட். இப்படி வைத்தால் போல்ட் இரு இடங்களில் வெட்டு விசையைத் தாங்கும்; தலையைப் பிடுங்கும் இழுவை அதன்மேல் வராது. புது வடிவத்தில் செய்த மாதிரித் துண்டையும் அதே புதுவயல் ஆலையில் அதே 300 மி.மீ. இடைவெளியில் இழுத்தோம். 1,500 கிலோவில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தோம். இறக்கிய பிறகு வெர்னியரில் அளந்தால் காதுகளின் இடைவெளியும் குழாயின் உயரமும் முன்பிருந்தபடியே இருந்தன.

காதுகளைப் பற்றவைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. இடைவெளி 5 மி.மீ. இருக்கட்டும் என்று அதே கனத்தில் அடைப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். ஆறியதும் காதுகள் உள்ளே இழுத்துக்கொண்டு அடைப்பைக் கவ்விவிட்டன, 4 மி.மீ. ஹார்னஸ் முனை தாராளமாக ஆட இடமில்லை. அடுத்த ஜோடியிலிருந்து 5.5 மி.மீ. அடைப்பு வைத்து, போல்ட்டையும் மாட்டிய நிலையில், எதிரெதிர் மூலைகளில் புள்ளி வைத்து, பிறகு சிறு சிறு நீளமாகப் பற்றவைத்தோம். அது சரியாக வந்தது.

போல்ட் விஷயத்தில் கடைக்காரரிடம் விளக்கிக் கேட்க வேண்டியிருந்தது. ஹார்னஸோடு வந்த வளைய போல்ட்டுகள் 7/16 அங்குல யூ.என்.எஃப். (அங்குல அளவிலான நுண்) மறை, விட்டம் 11.1 மி.மீ. அதற்கேற்ற, மறை வெட்டும் டேப் காரைக்குடியில் கிடைக்கவில்லை. விதி எம்12 (12 மி.மீ. விட்டம்), 8.8 என்ற வலுத் தரத்தையும் ஏற்றுக்கொள்வதால் அதற்கே போனோம். ஆனால் முழு மறை போல்ட் உதவாது. காதுகளுக்குள் இருக்கும் பகுதி மறையில்லாத வழவழப்பான தண்டாக இருக்க வேண்டும். மறைப் பள்ளத்தில் வெட்டு விசை விழுந்தால் வலு குறையும். எம்12க்கு 50 மி.மீ. நீளத்தில் பாதி மறை போல்ட் வாங்கினால் தண்டு 20 மி.மீ. வருகிறது. காது 5, இடைவெளி 5, காது 5, இரு பக்கமும் வாஷர் 2.5: கணக்கு சரியாக முடிகிறது. தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்து வாங்குங்கள்.

தோள் பட்டைக்கு, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகுழாயான ரோல் பாரின் இரு கால்களுக்கும் நடுவே குறுக்குக் குழாய். விதி கேட்பது 38 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம் அல்லது 40க்கு 2 என்ற அளவில், குளிர்முறையில் இழுத்த, மூட்டில்லாத கார்பன் எஃகுக் குழாய். உள்ளூர் இரும்புக் கடைகளில் இருந்தது தகட்டை வளைத்து நீளவாக்கில் பற்றவைத்த மூட்டுக் குழாய்தான். மதுரையில் தேடி 38க்கு 2.5 வாங்கினேன், மீட்டருக்கு 2.2 கிலோ எடை. முனைகளை ரோல் பார் காலின் வளைவுக்கு ஏற்ப, வட்டமாக வெட்டும் ஹோல் சாவால் வெட்டி, அரத்தால் ராவி, வெளிச்சம் தெரியாத அளவுக்கு ஒட்டவைத்தோம். இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பும் பழக்கம் கேட் வேலையோடு நிற்கட்டும்.

உயரத்தைக் குறிக்கக் கொத்தனார்களின் டியூப் லெவலைத்தான் பயன்படுத்தினேன். தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனை இடக் காலிலும் மறு முனை வலக் காலிலும். நீர்மட்டம் நின்ற இடத்தில் கோடு. ரசமட்டத்தைப் போலவே இதிலும் அடியில் கிடக்கும் சட்டகத்தின் சாய்வு கலந்துவிடும், ஆகவே சட்டகம் முதலில் சமமாக இருக்க வேண்டும். இருக்கையின் தோள் துளையிலிருந்து குழாய்க்கு 230 மி.மீ. பட்டை குழாயைத் தொடும் இடம் 40 மி.மீ. தாழ்வாக இருந்தால் 10 டிகிரி. மகளுக்கு அப்படியே அமைந்தது. என் தோள் அவளுடையதைவிட 60 மி.மீ. உயரம், எனக்கு அமைத்த இருக்கையில் அது 24 டிகிரி ஆகிறது, வரம்புக்குள்தான்.

குறுக்குக் குழாய் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். இரண்டு இருக்கைகளின் நான்கு தோள் பட்டைகளும் அதில் விழுந்தால் நடுவில் வளையும். ஆகவே நடுப்பகுதியிலிருந்து பின்புறம் சாய்வாக இரண்டு தாங்குக் குழாய்களை டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருக்கும் கூண்டின் மேல் மூலைகளுக்கு இறக்கினோம். பட்டைகளைக் குழாயில் சுற்றி, மூன்று குறுக்குக் கம்பிகள் உள்ள கொக்கியில் முன்னும் பின்னும் கோத்து மடக்கியிருக்கிறோம். பக்கவாட்டில் நகராமலிருக்க 6 மி.மீ. கம்பியை வளைத்துச் சிறு தடுப்புகள். அவற்றின் பிசிரை விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து எமரித் தாளால் தேய்த்தோம். பட்டை நூலை அறுப்பது கண்ணுக்குத் தெரியாத பிசிர்தான்.

தொடைப் பட்டைகளுக்கு, இருக்கைக்கு அடியில் இன்னொரு 40க்கு 40 குழாய். அதில் துளையிட்டு, போல்ட் நுழையும் உருளையான உள்ளுறை ஒன்றைச் செருகி இருபுறமும் பற்றவைத்தோம். போல்ட்டை முடுக்கும்போது குழாய் நசுங்காமல் அது காக்கும். லேத்துப் பட்டறையில் கையிருப்பாக இருந்த ஈ.என்.8 என்ற எஃகு வகைக் கம்பியில் கடைந்து கொடுத்தார்கள். பார்வைக்கு வெல்டிங் அருமையாக இருந்தது. ஆனாலும் எல்லா இணைப்புகளையும் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனைக்கு உட்படுத்த முடிவு செய்திருந்தேன். மூன்று ஸ்பிரே டப்பாக்கள்: துடைக்கும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை மாவு. சுத்தம் செய்து, சாயம் அடித்து, கால் மணி நேரம் விட்டு, துணியில் திரவத்தை நனைத்துத் துடைக்க வேண்டும். நேராக அடித்தால் கீறலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். பிறகு வெள்ளையை மெலிதாக அடித்தோம். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருக்க, ஓர் உள்ளுறையின் விளிம்பில் தலைமயிர் கனத்தில் சிவப்பு அரைவட்டம் ஊறி வந்தது. ஈ.என்.8இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம். முன்கூட்டிச் சூடாக்காமல் பற்றவைத்தால் ஆறும்போது ஓரம் இறுகி வெடிக்கக்கூடிய எஃகு அது. எல்லா உள்ளுறைகளையும் வெட்டி எடுத்துவிட்டுச் சாதாரண மென் எஃகில் மறுபடி கடைந்து போட்டோம். இரண்டாவது சோதனையில் சிவப்பு எங்கும் வரவில்லை.

காரிலேயே 1,500 கிலோ வரை இழுத்துப் பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மாதிரித் துண்டை இழுத்தோம். அதே கை, அதே அளவு, அதே தகடு. காரில் ஒவ்வொரு பிடியையும் 300 கிலோ வரை மட்டும் இழுத்து அசைவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டேன். எல்லைவரை இழுக்கப்பட்ட இரும்பை நம்பி மகளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

செலவு: மூட்டில்லாக் குழாய் 1,000 ரூபாய், சதுரக் குழாய் 350, பழைய இரும்புக் கடைத் தகடு 200, போல்ட்டு நட்டுகள் 600, சாயச் சோதனை டப்பாக்கள் 1,400, லேத்து வேலை இரு தடவைக்கும் 800, வெல்டிங் கூலி 2,500. ஆக 6,850 ரூபாய். காரில் கூடிய எடை சுமார் 9 கிலோ. இந்த ஒன்பதில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்க நான் தயாராக இல்லை.

சோதனையன்று ஆய்வாளர் சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு காதுகளின் அடிப்பக்கம்வரை பார்த்தார். பெல்ட்டின் லேபிளில் இருந்த காலாவதி ஆண்டைப் படித்தார். மகளை ஹெல்மெட்டோடு உட்காரவைத்துச் சாய்வை அளந்தார். கிழிந்த மாதிரித் துண்டின் படத்தைக் காட்டியபோது, இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே என்று ஆர்வமாகக் கேட்டு, தன் கைப்பேசிக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: நட்டுக்கு வெளியே நீண்டிருந்த போல்ட் மறை இடுப்புப் பட்டையில் உரசக்கூடும், இரண்டு மறை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி ராவிவிடுங்கள். அங்கேயே செய்துகொடுத்தோம். “அப்பச்சி, இப்போது மூச்சுவிட முடியாத அளவுக்குப் பிடிக்கிறது” என்றாள் மகள். தோள் பட்டையை ஒரு விரல் தளர்த்தினேன், இடுப்புப் பட்டையைத் தொடவில்லை.

அடுத்த சட்டகம் கட்டினால் இருக்கையையும் ஓட்டுபவரையும் வைத்து நூல் பிடித்த பிறகுதான் குறுக்குக் குழாய்களின் இடத்தை முடிவு செய்வேன். முடிந்த சட்டகத்துக்குள் கிரைண்டரை நுழைப்பதற்குள் தம்பியின் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உள்ளுறைக்கான மென் எஃகுக் கம்பியை நானே வாங்கிக்கொண்டு லேத்துக்குப் போவேன். தரைத் தகட்டுக்கு ரிவெட்டுக்குப் பதிலாகச் சிறு போல்ட்டுகள். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, சாயச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். டப்பாக்களில் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது.